ஜோ பரோவின் இரண்டாவது வாய்ப்பு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசன் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஹாலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆட்டத்தைப் பார்ப்பவர்களைவிட என்னிடம் சந்தேகம் கேட்பவர்கள்தான் அதிகம். எந்த அணி ஆடினாலும் கடைசியில் நான் 2019 எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கதைக்குப் போய்விடுகிறேன் என்பது என் மனைவியின் புகார். மறுக்கமாட்டேன். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைக்கிறேன். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கிய மாமனார் கேட்டவை சில, ஆபீஸ் பையன்கள் கேட்டவை சில.

மாப்ள, காலால உதைக்கிறதே இல்ல, இதுக்கு எதுக்கு ஃபுட்பால்னு பேரு?

உதைக்கிறார்கள் மாமா, எப்போதாவது. ரக்பியிலிருந்து பிரிந்து வளர்ந்த ஆட்டம் என்பதால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். மைதானம் 100 யார்டு, ஒரு பக்கம் 11 பேர். பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு முயற்சி. எதிரியின் எல்லைக்குள் பந்தோடு போய்விட்டால் டச்டவுன், 6 புள்ளி.

குவார்ட்டர்பேக்னா யாரு? கேப்டனா?

கேப்டனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாக்கும் அணியில் ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். தூக்கி எறிவதா, ஓடுபவர் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று வினாடியில் முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் 130 கிலோ ஆட்கள் நாலு பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொன்று முக்கியம், பின்னால் வரும் பதில்களுக்கு இது தேவைப்படும்: களத்தில் ஒரே ஒரு குவார்ட்டர்பேக்தான். மற்ற இடங்களில் இரண்டாம் நிலை ஆட்டக்காரருக்கு ஆட்டத்துக்குப் பத்து நிமிடமாவது கிடைக்கும். இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்கு ஓரத்தில் நிற்கும் வேலைதான்.

ஜோ பரோ யாருண்ணா? சுருக்கமா சொல்லுங்க.

1996-ல் பிறந்தவர். ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஆதன்ஸ் என்ற ஏழை மாவட்டத்தில் வளர்ந்தவர். அப்பா ஜிம் பரோ கல்லூரி ஃபுட்பால் கோச். 2014-ல் ஒஹாயோவின் சிறந்த உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர் என்ற பட்டம் பையனுக்குக் கிடைத்தது. 2015-ல் அந்த மாநிலத்தின் பெருமையான ஒஹாயோ ஸ்டேட் அணியில் சேர்ந்தார். மூன்று வருடம் கழித்து, ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கிவைக்காமல் வெளியேறினார். 2018-ல் லூசியானாவின் எல்.எஸ்.யு. இரண்டாவது சீசனில் 15 ஆட்டம், 15 வெற்றி, தேசியப் பட்டம், வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை. 2020 ஏப்ரலில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் புதுமுகத் தேர்வில் முதல் ஆளாக சின்சினாட்டி பெங்கால்ஸ் எடுத்துக்கொண்டது.

மூணு வருஷம் சும்மாவா உட்கார்ந்திருந்தாரு? அவ்வளவு திறமை இருந்தும்?

முதல் வருடம் ரெட்ஷர்ட். அதாவது, அன்றைய விதிப்படி, அணியோடு பயிற்சி உண்டு, ஆட்டம் கிடையாது. ஆடத் தகுதியுள்ள நான்கு வருடங்களில் ஒன்று அதனால் குறையாது. அடுத்த இரண்டு வருடம் ஜே.டி. பேரட் என்ற அனுபவசாலிக்குப் பின்னால் காத்திருப்பு. ஜெயிப்பது உறுதியாகிவிட்ட ஆட்டங்களின் கடைசியில் இறக்கிவிடுவார்கள். மூன்று வருடத்துக்கும் சேர்த்து அவர் எறிந்தது 39 பந்து, தன் அணிக்காரர் கையில் சேர்ந்தது 29, மொத்தம் 287 யார்டு, 2 டச்டவுன்.

2017 ஆகஸ்டில்தான் விதி விளையாடியது. சீசன் தொடங்கும் முன் பயிற்சியில் எறியும் கையில் எலும்பு முறிவு. அவர் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த வாரங்களில் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் என்ற இளையவர் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டார். நவம்பர் கடைசியில் பரம எதிரி மிச்சிகனோடு ஆட்டம். நடுவில் பேரட்டுக்கு முழங்கால் போனது. உள்ளே போனவர் ஹாஸ்கின்ஸ். பின்தங்கியிருந்த அணியை 31-20 என்று ஜெயிக்க வைத்தார். கை முறியாமல் இருந்திருந்தால் அன்று உள்ளே போயிருக்கக் கூடியவர் பரோ. அடுத்த வசந்தகாலப் பயிற்சியில் இருவருக்கும் போட்டி வைத்தார்கள். முடிவு அந்த மிச்சிகன் ஆட்டத்திலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

அப்ப அந்தப் பழைய கோச் ஆள் தெரியாம விட்டுட்டாரு, அதானே?

எல்லோரும் ஆசையாகக் கேட்கும் கேள்வி இது. இல்லை என்பதுதான் பதில். கோச் அர்பன் மேயர் தேர்ந்தெடுத்த ஹாஸ்கின்ஸ் 2018-ல் 4,831 யார்டு, 50 டச்டவுன் எறிந்து ஹெய்ஸ்மன் ஓட்டெடுப்பில் மூன்றாவதாக வந்தார். அதே வருடம் எல்.எஸ்.யு.வில் பரோ எறிந்த டச்டவுன் 16. அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் ஒஹாயோ ஸ்டேட் சரியான ஆளை வைத்துக்கொண்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஹாஸ்கின்ஸ் 2022-ல் சாலை விபத்தில் இறந்துபோனார், வயது 24. பரோவின் கதையில் அவரை வில்லன் மாதிரி சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

காலேஜ் மாறினா ஒரு வருஷம் வெளிய உட்காரணும்னு கேள்விப்பட்டேனே. இவர் எப்படி உடனே ஆடினாரு?

அன்றைய விதி அதுதான். ஆனால் ஒரு விலக்கு இருந்தது. பட்டம் வாங்கிவிட்ட மாணவர் மேற்படிப்புக்காக வேறு பல்கலைக்கழகம் போனால் உடனே ஆடலாம். பரோ மூன்றே வருடத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டார். ரெட்ஷர்ட் வருடத்தின் புண்ணியத்தில் இன்னும் இரண்டு சீசன் கையில் இருந்தது. ஓரத்தில் நின்ற மூன்று வருடத்தில் பரீட்சைகளை ஒழுங்காக எழுதியதுதான் அவரைக் காப்பாற்றியது. என் மகனிடம் இந்த ஒரு பகுதியை மட்டும் நான் சற்று உரக்கச் சொல்வது வழக்கம்.

எல்.எஸ்.யு. எதுக்கு இவரை எடுத்துச்சு? வேற யாரும் கேக்கலையா?

அவர் மனதில் இருந்தது நெப்ராஸ்கா. அப்பாவும் அண்ணன்கள் இருவரும் ஆடிய இடம். அங்கே இவர்மேல் ஆர்வம் காட்டவில்லை. சின்சினாட்டி பல்கலைக்கழகம் கூப்பிட்டது. எல்.எஸ்.யு.வுக்கோ அவசரத் தேவை, முந்தைய சீசனின் குவார்ட்டர்பேக் கல்லூரிக் காலம் முடிந்து அணியை விட்டுப் போய்விட்டார்.

கோச் எட் ஓர்ஜெரான் லூசியானா சதுப்புநிலப் பகுதிக்காரர், கரகரத்த குரல். பார்வையிட வந்த பையனை கிராஃபிஷ் (இறால் மாதிரியான நன்னீர் உயிரி) சாப்பிட அழைத்துப்போன கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பின்னணியையும் பாருங்கள். 2005 முதல் 2007 வரை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் தலைமை கோச்சாக இருந்து 10 வெற்றி, 25 தோல்வியோடு வேலை போனது. 2013-ல் கலிஃபோர்னியாவில் யு.எஸ்.சி.யில் தற்காலிகப் பொறுப்பில் நன்றாகவே நடத்தினார், ஆனாலும் நிரந்தர வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். 2016-ல் எல்.எஸ்.யு.விலும் முதலில் தற்காலிகம்தான். ஆக, இரண்டாவது வாய்ப்பு என்றால் என்ன என்று அந்த மேசையில் இரண்டு பேருக்கும் தெரியும்.

போன உடனே கலக்கிட்டாரா?

இல்லை. படம் எடுப்பவர்கள் வெட்டி எறியக்கூடிய வருடம் 2018. அணி 10 வெற்றி, 3 தோல்வி. மோசமில்லை. ஆனால் பரோ எறிந்ததில் 57.8 சதவீதம்தான் சேர்ந்தது. சொந்த மண்ணான பேட்டன் ரூஜில் அலபாமாவிடம் 29-0. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. "நல்ல பையன், தைரியசாலி, ஆனா அவ்வளவுதான்" என்பதே பொதுப் பேச்சு.

ஒரு காட்சி மட்டும் எனக்கு மறக்காது. 2019 புத்தாண்டு நாள், சீசன் கடைசியில் நடக்கும் ஃபியெஸ்டா பௌல் ஆட்டம், யு.சி.எஃப். என்ற பல்கலைக்கழக அணியோடு. பரோ எறிந்த பந்தை எதிரணிக்காரர் பிடித்து எதிர்த் திசையில் ஓடுகிறார். அவரைத் துரத்தப்போன பரோவைப் பக்கவாட்டில் ஒரு பெரிய ஆள் வந்து மோதினார். பார்த்த எனக்கே மூச்சு நின்றது. கொஞ்ச நேரம் தரையில் கிடந்தார். எழுந்து வந்து 4 டச்டவுன் எறிந்தார், 394 யார்டு. 40-32 வெற்றி. சக ஆட்டக்காரர்கள் அவரைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்ப 2019-ல அப்படி என்னதான் மாறிச்சு? அதே கோச், அதே பையன்தானே?

இதுதான் இந்தக் கதையின் கரு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்.எஸ்.யு. பல வருடமாக ஒரே மாதிரி ஆடிய அணி. கனமான ஆட்களை நடுவில் அடுக்கி, பந்தை ஓடுபவர் கையில் கொடுத்து இடித்துக்கொண்டே போவது. அலபாமாவிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. 29-0-க்குப் பிறகு ஓர்ஜெரான் பிடிவாதத்தை விட்டார். 2019 ஜனவரியில் நியூ ஓர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிரேடி என்ற 29 வயதுக்காரரை பாஸ் ஆட்டத்துக்கு, அதாவது பந்தை எறிந்து ஆடும் பகுதிக்கு, பொறுப்பாளராகக் கூட்டிவந்தார். பெரிய பெயர் இல்லாத இளைஞர். அவர் கொண்டுவந்த முறையில் பந்தைப் பிடிக்கக்கூடிய ஐந்து பேரும் மைதானத்தின் அகலம் முழுக்கப் பரவி நிற்பார்கள். குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் காவலுக்குக்கூட ஆள் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் தற்கொலை மாதிரி இருக்கும். ஆனால் நம் ஆட்கள் பரவினால் எதிராளியும் பரவித்தான் ஆக வேண்டும். பரவியபின் யார் யாரைக் காக்கிறார்கள், யார் பாயப்போகிறார்கள் என்பதை மறைப்பது கடினம். கோச் வீட்டில் பிறந்து, சிறு வயது முதல் ஆட்ட ஒளிப்பதிவுகளைப் பார்த்தே வளர்ந்த பரோவுக்கு அந்தக் காட்சி திறந்த புத்தகம். பந்து கைக்கு வருவதற்கு முன்பே எங்கே எறிய வேண்டும் என்று தெரிந்துவிடும். அதுபோக ஆர்.பி.ஓ. என்று ஒன்று: ஓட்டமும் பாஸும் ஒரே திட்டத்துக்குள் இருக்கும். குவார்ட்டர்பேக் எதிரணியில் ஒரே ஒரு ஆளை மட்டும் பார்ப்பார். அவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால் அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்து போகும். அவர் பின்னாலேயே நின்றால் ஓடுபவர் கையில் கொடுத்துவிடுவார். எதிராளி எது செய்தாலும் தப்பு.

பழைய பொறுப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரைத் துரத்திவிட்டு இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிய மனிதர், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். தன் வயதில் பாதிகூட இல்லாத பையனோடு உட்கார்ந்து புதிய பாடம் கற்றுக்கொண்டு, ஆட்டத் திட்டங்களை அழைக்கும் வேலையைத் தொடர்ந்தார். இந்தக் கதையில் ஓரமாக நிற்கும் அவர்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

புரியுற மாதிரி ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கண்ணா.

2019 செப்டம்பர் 7, டெக்சஸ் மாநிலம் ஆஸ்டின். எல்.எஸ்.யு. 37, டெக்சஸ் 31. இன்னும் இரண்டரை நிமிடம் பாக்கி. மூன்றாவது முயற்சி, தேவை 17 யார்டு, பந்து எல்.எஸ்.யு. பக்கத்துப் பாதியின் 39-வது யார்டு கோட்டில். பழைய எல்.எஸ்.யு.வாக இருந்தால் என்ன செய்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: ஓடுபவர் கையில் பந்தைக் கொடுத்து, நாலு யார்டு வாங்கி, நான்காவது முயற்சியில் தூர உதைத்துவிட்டு, தடுப்பு அணியை நம்பி சாமி கும்பிடுவது.

அன்று ஆட்களைப் பரப்பி நின்றார்கள். டெக்சஸ் துணிந்து கும்பலாகப் பாய்ந்தது. பின்னால் காவலுக்குக் கூடுதல் ஆளே இல்லை. பரோ பின்வாங்கவில்லை, நெருக்கத்துக்குள்ளேயே முன்னால் நகர்ந்து, அடி விழுவதற்கு முன் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். ஜெஃபர்சன் பிடித்து ஓடியவர் நிற்கவில்லை. 61 யார்டு, டச்டவுன். ஆட்டம் 45-38 என்று முடிந்தது. பரோவுக்கு 471 யார்டு. ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று வருடத்தில் எடுத்ததை (நான்காவது பதிலைப் பாருங்கள்) ஒரே இரவில் தாண்டிவிட்டார்.

வருஷத்துக்கு 60 டச்டவுன்னா பெரிய விஷயமா?

2019-ல் பரோ எறிந்தது 60. அதுவரை கல்லூரி ஃபுட்பாலின் உயர்மட்டத்தில் யாரும் எறியாத எண்ணிக்கை. 2021-ல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 62 எறிந்து முந்தினார். எனக்கு 60-ஐவிட மற்ற எண்கள் பிடிக்கும்: 527 எறிந்து 402 சேர்ந்தது, 76.3 சதவீதம். எதிராளி கையில் சிக்கியது 6. மொத்தம் 5,671 யார்டு. முந்தைய வருடம் பூஜ்யம் கொடுத்த அலபாமாவை அவர்கள் மண்ணிலேயே 46-41 என்று வீழ்த்தினார்கள். தேசிய இறுதி ஆட்டத்தில் கிளெம்சனை 42-25.

கூட நல்ல பசங்க இருந்தாங்க, அதனாலதான் ஜெயிச்சாருன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. ஜமார் சேஸ் 20 டச்டவுன், ஜெஃபர்சன் 18. இருவரும் இன்று என்.எஃப்.எல்.லின் உச்சியில் இருப்பவர்கள். முன்வரிசைத் தடுப்பு ஆட்கள் அந்த வருடம் நாட்டிலேயே சிறந்த வரிசை என்று விருது வாங்கியவர்கள். ஆனால் சேஸும் ஜெஃபர்சனும் 2018-லும் அதே அணியில்தான் இருந்தார்கள். பரோ 16 டச்டவுன் மட்டுமே எறிந்த வருடமும் அதுதான்.

அப்ப இது கோச்சோட வெற்றியா, பையனோட வெற்றியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, ஆனால் பிரிந்தபின் என்ன ஆனது என்று பார்க்கலாம். பிரேடி 2020-லேயே என்.எஃப்.எல்.லுக்குப் போய்விட்டார், என்ஸ்மிங்கர் இருந்தார், ஓர்ஜெரான் இருந்தார். பரோ இல்லாத எல்.எஸ்.யு. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட்டிடம் தோற்றது. சீசன் முடிவில் 5 வெற்றி, 5 தோல்வி. 2021 அக்டோபரில், பட்டம் வென்று இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில், அந்த சீசனோடு ஓர்ஜெரான் விலகுகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். மறுபக்கம், பரோ பெங்கால்ஸ் அணியை 2022 பிப்ரவரியில் என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார், 23-20 என்று தோற்றார்.

இதைப் பார்த்து "எல்லாம் பையன்தான்" என்று ஆபீஸில் ஒருவர் அடித்துச் சொன்னார். அவரிடம் 2018-ஐ நினைவுபடுத்தினேன். ஆடவிட்டது ஒரு வாய்ப்பு. பரோவின் தலைக்குள் இருந்ததை நம்பி, பல வருடப் பழக்கத்தை மாற்றிக்கொண்டது இன்னொரு வாய்ப்பு. முதலாவது மட்டும் கிடைத்திருந்தால் இன்று அவரை யாருக்கும் நினைவிருக்காது.

அரையிறுதில எதிர் டீம் குவார்ட்டர்பேக்கும் இப்படி மாறி வந்தவராமே?

ஆமாம், ஜேலன் ஹர்ட்ஸ். 2018 ஜனவரி தேசிய இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் அலபாமா அவரை உட்காரவைத்துவிட்டு இளையவரை இறக்கியது, ஜெயிக்கவும் செய்தது. ஹர்ட்ஸ் முறைத்துக்கொண்டு போகவில்லை, இன்னொரு வருடம் இருந்தார், பட்டம் வாங்கினார். பிறகு, முன்பு சொன்ன அதே விலக்கில், ஓக்லஹோமாவில் லிங்கன் ரைலியிடம் போனார். ஹெய்ஸ்மன் ஓட்டில் பரோ முதல், ஹர்ட்ஸ் இரண்டாவது.

2019 டிசம்பர் 28-ல் தேசியப் பட்டத்துக்கான அரையிறுதியில் இருவரும் மோதினார்கள். பரோ இடைவேளைக்குள்ளேயே 7 டச்டவுன் எறிந்துவிட்டார், 63-28. அன்று காலை என்ஸ்மிங்கரின் மருமகள் விமான விபத்தில் இறந்திருந்தார். என்ஸ்மிங்கர் அரங்கின் மேலே, கோச்சுகளுக்கான அறையில் உட்கார்ந்து கடைசி வரை ஆட்டத்தை நடத்தினார். ஹர்ட்ஸுக்கும் நேரம் வந்தது. 2025 சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஜெயித்தபோது ஆட்டநாயகன் அவர்தான்.

கோப்பை வாங்கும்போது ஏன் மாப்ள அழுதான் அந்தப் புள்ள?

ஹெய்ஸ்மன் கோப்பை மேடையில் பேசும்போது இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. ஆதன்ஸ் மாவட்டத்தில் பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசை காலியாக இருக்கும் பிள்ளைகளுக்காகவும்தான் இங்கே நிற்கிறேன் என்றபோது ஒரு முறை. அதைக் கேட்டு ஊர்க்காரர் ஒருவர் அங்குள்ள உணவு வங்கிக்கு ஆயிரம் டாலர் இலக்கு வைத்து நிதி திரட்ட ஆரம்பித்தார். ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது.

இரண்டாவது, ஓர்ஜெரானுக்கு நன்றி சொல்லும்போது. மூன்று வருடம் ஆடாதவன், ஆடுவேனா என்றே தெரியாத என்னை நம்பினீர்கள் என்ற பொருளில் பேசினார். பேச்சே வரவில்லை. மாமனார் அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாகப் புரியாது.

இப்ப எல்லாரும் வருஷா வருஷம் காலேஜ் மாறிட்டே இருக்காங்க. இதெல்லாம் இரண்டாவது வாய்ப்பா, வியாபாரமா?

இரண்டும்தான். 2021-ல் ஒரு முறை மாறினால் உட்காரத் தேவையில்லை என்றார்கள். 2024-ல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். பணம் வந்தபின் வருவதும் போவதும் அதிகமாகத்தான் இருக்கும். கோச்சுகள் கோடிகளுக்காக அணி மாறும்போது யாரும் இதைக் கேட்டதில்லை, பையன்கள் மாறும்போது மட்டும் கேட்கிறார்கள்.

பரோ வந்ததால அங்க ஏற்கனவே இருந்த பசங்க கதி?

இதைக் கேட்டது என் மகன், இதுவரை அவன் ஒருவன்தான். 2018 ஆகஸ்டில், பரோ முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே, எல்.எஸ்.யு.வின் குவார்ட்டர்பேக்குகள் இருவர் விலகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்டின் மெக்மில்லன், அவரும் பட்டம் முடித்தவர். நியூ ஓர்லியன்ஸில் உள்ள துலேன் பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்த சீசனிலேயே ஆட ஆரம்பித்தார். 2020 ஜனவரி 4-ல் ஆம்ட் ஃபோர்ஸஸ் பௌலில் துலேன் 30-13 என்று சதர்ன் மிசிசிப்பியை ஜெயித்தது, குவார்ட்டர்பேக் மெக்மில்லன். ஒன்பது நாள் கழித்து பரோ தேசியக் கோப்பையைத் தூக்கிய சூப்பர்டோம் மைதானமும் அதே நியூ ஓர்லியன்ஸில்தான் இருக்கிறது.